நடுவில் நிற்பவள்

"ராஜபாளையத்துல டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம் அத்தான், இங்க வெயில் மண்டையப் பொளக்கு, அங்க சாரலா, அம்மாவப் பெட்டியெல்லாம் கட்டி வைக்கச் சொல்லுங்க, வந்த உடனே திரும்பணும்" என்று அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக வண்டியில் வரும் மைத்துனன் சிவசைலம் போனில் சொல்லிவிட்டு வைத்தான். அம்மாவிடம் சொல்லுங்கள் என்கிறான். அவனுடைய அம்மா, என் மாமியார், இப்போது அடுத்த அறையில் கட்டிலுக்குக் கீழே இருந்து தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டிருக்கிறார், புதுத் தரையில் பெட்டி கீச்சிடுவது கேட்கிறது, எங்களுக்கு நடுவில் ஒரு சுவரும் திறந்த கதவும்தான் இருக்கின்றன, கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும். ஆனால் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து இன்றுவரை நான் அவரிடம் ஒரு வார்த்தை நேராகச் சொன்னது கிடையாது, அவரும் என்னிடம் சொன்னது கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் பழைய குடும்பங்களில் அப்படித்தான், மாமியார் மருமகனின் முன்னால் வந்து நிற்க மாட்டார், முகம் பார்த்துப் பேச மாட்டார், அது மரியாதை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், மகள் புருஷனிடம் சொல்வாள், புருஷன் சொன்னதைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள், மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் அப்படித்தான். என் மனைவி ஆவுடை அந்த வேலையை முப்பது வருஷத்துக்கு மேல் செய்தாள். அவள் போன பிறகு வரும் இரண்டாவது ஆடி இது. அவள் இல்லாதபோது சொல்லுங்கள் என்றால் யாரிடம் சொல்லிச் சொல்வது. சிவசைலத்துக்கு இது தோன்றவே இல்லை. இந்த வீட்டுக்குள் நானும் அத்தையும் எப்படிப் பேசிக்கொள்கிறோம் என்பது வெளியே ஒருவருக்கும் தெரியாது, எங்களுக்கு மட்டும் தெரியும், அதைப் பற்றிக்கூட நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுகிறது. விழுகிறது என்று சொல்வதும் சரியில்லை, மழைதான் விழும், சாரல் காற்றோடு நடந்து வரும், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும், முகத்தில் பட்ட பிறகுதான் வந்தது தெரியும். குற்றாலத்து மலை இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒன்று இறங்கி நிற்கிறது. இந்த இலஞ்சி ரோட்டில் வீடு கட்டியது அதற்காகத்தான். மில்லில் வேலை பார்த்த காலம் முழுக்க நாங்கள் இருந்தது மில் லைன் வீட்டில், ஒரு அறை, ஒரு அடுப்படி, நடுவில் ஒரு திரைச்சீலை. "இந்த லைன்ல ரெண்டே காலந்தான், ஒண்ணு வெயில், இன்னொண்ணு கொஞ்சம் வெயில்" என்பாள் ஆவுடை. ஒரு சீசனுக்குக் குற்றாலம் வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பஸ்சுக்கு நடக்கும்போது இந்தப் பக்கம் வயலை எல்லாம் பார்த்துவிட்டு, இங்கே ஒரு வருஷம் இருந்தால் எல்லாக் காலத்தையும் பார்த்துவிடலாம் என்றாள். ஒரு வருஷம் என்று ஏன் சொன்னாள். பத்து வருஷம் என்று சொல்லியிருக்கலாம். வாசல் நிலை வைத்த அன்று வந்து மஞ்சள் பூசி குங்குமம் வைத்தாள், பூச்சுவேலை நடக்கும்போது மாசி மாதம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அந்த மஞ்சளின் மேல் பெயின்டர் பெயின்ட் அடித்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நிலைக்குப் பெயின்ட் அடிக்கத்தானே வந்தான். காலையில் ஹாலில் கட்டிய கொடியில் அத்தையின் சேலைகள் என் வேட்டிக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன, இப்போது வேட்டி மட்டும் இருக்கிறது, ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார் போல, வழியிலேயே நாற்றம் எடுத்துவிடும். ஆவுடை, அத்தையிடம் சொல்லு, சேலை காயவில்லை என்று சொல்லு. தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. சேலை காயவில்லை என்று சொன்னால் இஸ்திரிப் பெட்டி வைத்துக் காயவைத்துக்கொண்டு போங்கள் என்று ஆகிவிடும். நான் சொல்ல நினைப்பது அதுவா.

அவள் செத்த வருஷம் முடியாமல் புது வீட்டுக்குப் போகக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் மில்லை மூடிய பிறகு நாங்கள் இருந்த லைன் வீடுகளை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள், எங்கே போவது. வைகாசியில் ஒரு விடிகாலை உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர், விளக்கு இதையெல்லாம் வைத்துக்கொண்டு நானும், ஆவுடையின் காரியத்துக்கு வந்து அப்படியே தங்கிவிட்ட அத்தையும் வாசலில் நின்றோம். சிவசைலம் வந்து சேரவில்லை. பால் காய்ச்ச வேண்டும், சுமங்கலி ஒருத்தி வேண்டும், நான் பெண்டாட்டியை இழந்தவன், அத்தை புருஷனை இழந்தவர், இரண்டு பேரும் அடுப்பைப் பற்றவைக்க முடியாமல் அடுப்படி வாசலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள், அன்றைக்குப் பெயர்கூடத் தெரியாது, செய்யதம்மா. அத்தை அவளைக் கூப்பிட்டார். "நாங்க சாயபு வீடு, பரவாயில்லையாம்மா" என்று கேட்டாள். "உம் புருசன் நல்லா இருக்காகளா" என்றார் அத்தை. "சவுதில இருக்காக. நேத்துதான் போன்ல சண்டை போட்டேன். நல்லாத்தான் கத்துதாக." "அப்பம் நீதாம்மா காய்ச்சணும்." அவள் துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து பால் காய்ச்சினாள், பொங்கி வழிந்தது, சர்க்கரை எங்கே என்று கேட்டாள், எங்களுக்குத் தெரியவில்லை, ஆவுடை எந்த டப்பாவில் எதைப் போடுவாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. செய்யதம்மா அவள் வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை எடுத்து வந்தாள். அப்படித்தான் இந்த வீட்டுக்குக் குடி வந்தோம்.

அதற்குப் பிறகு முதலில் வந்த நாட்கள் இப்படி இருந்தன. இரண்டு பேர், ஒரு வார்த்தை இல்லை. அத்தை தட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார், டம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால் சாப்பாடு தயார் என்று அர்த்தம், நான் செருப்பைச் சத்தமாகப் போட்டால் வெளியே போகிறேன் என்று அர்த்தம். புது வீடு என்பதால் எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்டது, சுவரில் ஆணி இல்லை, மூலையில் தூசி இல்லை, எங்கே பார்த்தாலும் வெள்ளை, எந்த இடத்திலும் அவள் இல்லை. மில் லைன் வீட்டில் என்றால் அம்மி இருந்த இடம், அவள் தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய்க் கறை படிந்த சுவர், திரைச்சீலையில் அவள் கை துடைத்த ஓரம். இங்கே நான் அவளை எங்கே போய்த் தேடுவேன். கண்ணை மூடினால் முகம் வருகிறது, குரல் வரவில்லை, குரலைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகிறார்கள் போல. அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அடுப்படிக்குள் இருந்து, "ஏட்டி, அவுகளுக்கு இன்னும் கொஞ்சம் மோர் வேணுமான்னு கேளு" என்று குரல் வந்தது. ஏட்டி என்றுதான் மகளைக் கூப்பிடுவார், பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அடுப்படியில் ஒரு அசைவும் இல்லை, கரண்டிகூடச் சத்தம் போடவில்லை. என் கை சோற்றில் அப்படியே நின்றது. அந்தக் குரல். அத்தையின் குரல் அப்படியே ஆவுடையின் குரல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பது உட்பட, அதுவரைக்கும் நான் கவனித்ததே இல்லை. ஆவுடை திரும்பி என்னைப் பார்த்து, மோர் வேண்டுமா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தேன். பிறகு, "போதும்னு சொல்லு" என்றேன். அவள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நேரம் கழித்து, அடுப்படியில் மோர்ச்சட்டியை மூடும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து இப்படித்தான். புத்தி பிசகிவிட்டது என்று யாராவது சொன்னால் இல்லை என்று சத்தியம் செய்வேன். அத்தைக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும், மகளைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்தியது அவர் கைதான். எனக்கும் தெரியும், கொள்ளி வைத்தவன் நான். ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கென்று ஒரு இடைவெளி விடுவோம். ஒருவர் சொல்லி மற்றவர் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம், அவள் இங்கிருந்து அங்கே திரும்புகிற நேரம். அந்த ஒரு மூச்சில்தான் அவள் இந்த வீட்டில் குடியிருந்தாள். எல்லாக் காலத்தையும் அப்படித்தான் அவளுக்குக் காட்டினோம். முதல் சாரல் வந்த அன்று, "ஏட்டி, மேகம் வாசல்வரைக்கும் வந்துட்டு பாரு" என்றார் அத்தை. உப்பு தண்ணீர் விட்டது, தீக்குச்சி பற்றவில்லை, அப்பளம் பொரித்த கையோடு நமத்துப் போனது, எல்லாம் அவளிடம் போய் அவள் வழியாக என்னிடம் வந்தன. "ஏட்டி, உம் மாப்பிள்ள கொடைய எங்க விட்டுட்டு வந்தாகன்னு கேளு, இது எத்தனையாவது கொடை." "செய்யதம்மா வீட்டுல இருக்குன்னு சொல்லு." "அவ நேத்தே கொண்டாந்து குடுத்துட்டான்னு சொல்லு. அது போன கொடை." புரட்டாசியில் வெயிலும் தட்டான்களும் வந்தன. ஐப்பசியில் இடி இறங்கியபோது, "ஏட்டி, டிவி வயரப் புடுங்கச் சொல்லு" என்று சத்தம் வந்தது, "புடுங்கியாச்சுன்னு சொல்லு" என்றேன், "புடுங்குனது மிக்சி வயருன்னு சொல்லு" என்று வந்தது. நான் சிரித்தேன். அடுப்படியிலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் செத்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். மார்கழியில் மலையே காணாமல் போனது, தையில் அறுத்த வயலிலிருந்து வைக்கோல் வாசம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, மாசியில் அவளுக்குத் திதி. அன்று பூராவும் ஆட்கள், சிவசைலம் குடும்பம், சொக்காரப் பங்காளிகள், நாங்கள் வாயே திறக்கவில்லை, ஆட்கள் இருக்கும்போது திறப்பதில்லை. எல்லோரும் போய் வீடு அடங்கி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அடுப்படியிலிருந்து, "ஏட்டி, இன்னைக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று குரல் வந்தது. அவளுடைய திதியை அவளிடமே சொன்னார். நான் இடைவெளி விட்டேன். வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. பிறகு, "வடை நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்றேன்.

வேம்பு பூத்தது, கோடை மழை பெய்தது, மறுபடியும் காற்று மேற்கே திரும்பியது, ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவள் ஆசைப்பட்ட ஒரு வருஷம். அதைப் பார்த்து முடித்துவிட்டாள், இனி என்ன என்று யாரோ கணக்குப் போட்டு சிவசைலத்தை அனுப்பியது மாதிரி இருக்கிறது. போன வாரம் போனில் பேசினான். அவன் மகளுக்கு இடம் வந்திருக்கிறதாம், கோயம்புத்தூரிலேயே. "பாட்டிய எங்க வச்சிருக்கீகன்னு கேக்காக அத்தான். மக வீட்டுலன்னு சொன்னேன். மக எங்கன்னு கேக்காக. நான் என்ன சொல்லட்டும்." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "நீங்க தப்பா எடுக்காதீக. மகன் குத்துக்கல்லு மாதிரி நான் இருக்கேன், மக இல்லாத வீட்டுல இருந்து மருமகனுக்குப் பொங்கிப் போட்டுக்கிட்டு இருக்கான்னு ஊருல பேசுதாக. எனக்குத்தான அசிங்கம்." அவன் சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது, தப்பு ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன். "அது உங்க அம்மா இஷ்டம்பா" என்றேன். மரியாதையாகப் பேசியதாக நினைத்துக்கொண்டேன். போனை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அத்தை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வாரமாக அடுப்படியிலிருந்து ஏட்டி என்ற வார்த்தை வரவில்லை. தட்டு வருகிறது, டம்ளர் வருகிறது, அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, அந்தப் பக்கம் பதில் இல்லாமல் போய்விட்டால்.

காலையில் செய்யதம்மா வந்து கொல்லை வாசலில் அத்தையிடம் பேசிவிட்டு, போகும்போது ஜன்னல் பக்கம் நின்றாள். "என்னண்ணே, அம்மா போறாகளாமே. நீங்க ஒண்ணும் சொல்லலையா." "நான் என்னம்மா சொல்ல." "இருங்கன்னு சொல்லுங்க. காசா பணமா." "அவுக மகன் கூப்பிடுதான்." "மகன் கூப்பிடுதான், சரி. இங்க இருங்கன்னு யாரு கூப்பிட்டா. அவுகளா எப்பிடி இருக்கேன்னு சொல்லுவாக, கூறு கெட்ட ஆளா இருக்கீகளே" என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குச் சுலபம். வாய் இருக்கிறது, சவுதிவரைக்கும் சண்டை போடுகிறாள். இரண்டு வார்த்தைதான், இருங்க அத்தை. காலையிலிருந்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன், கரையவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. வெட்கம் என்று முதலில் நினைத்தேன். இந்த வயதில் எதற்கு வெட்கம். பழக்கம் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. யோசித்து யோசித்து இப்போதுதான் பிடிபடுகிறது, பயம். அத்தையிடம் நேராக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதன் பிறகு ஆவுடைக்கு என்ன வேலை. எங்கள் நடுவில் அவள் நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அத்தை போய்விட்டால் அவள் போய்விடுவாள், அத்தையை நான் நேராகக் கூப்பிட்டாலும் போய்விடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போகிறார்கள். முதல் தடவையாவது நான்கு பேர் தூக்கினார்கள். இப்போது என் வாயாலேயே தூக்க வேண்டும்.

"புளியங்குடி தாண்டியாச்சு அத்தான்" என்று மறுபடியும் போன் வந்தது, "அம்மா ரெடியா" என்றான், "ம்" என்றேன். புளியங்குடி தாண்டினால் கடையநல்லூர், அப்புறம் தென்காசி, அப்புறம் என்ன இருக்கிறது. ரோட்டில் ஏதாவது அடைப்பு இருக்கக் கூடாதா, சீசனுக்கு வந்த கூட்டம் வண்டிகளை மறித்துக்கொண்டு நிற்கக் கூடாதா. அடுத்த அறையில் பெட்டியின் மூடியை அழுத்திக் கொக்கி போடுகிறார், கொக்கி விழவில்லை, மறுபடியும் அழுத்துகிறார், நான் எழுந்து போய் அழுத்திக் கொடுக்கலாம், போனால் அவர் எழுந்து மூலைக்குப் போய்த் திரும்பி நிற்பார், பெட்டியைப் பூட்டிக்கொடுத்த கையும் என் கை என்று ஆகும். அவர் போன பிறகு இந்த வீட்டில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மில் லைனில் வாய்க்கால் ஓரத்து வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார், பெண்டாட்டி செத்த பிறகு இரண்டு தட்டு வைத்து இரண்டு பேர் குரலிலும் பேசிக்கொண்டே சாப்பிடுவார், பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்துச் சிரிக்கும். நானும் அப்படி ஆகிவிடுவேனா. மோர் வேணுமான்னு கேளு. போதும்னு சொல்லு. இரண்டையும் நானே சொன்னால் நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டாலும் அது வெறும் இடைவெளிதான். காற்று ஜன்னல் கதவை அடித்துத் திறக்கிறது, நெற்றியில் ஈரம், கையில் ஈரம், நாற்காலியின் கைகூட நனைந்து போகிறது. ஐப்பசி வரும், இடி இறங்கும், எந்த வயரைப் பிடுங்க வேண்டும் என்று சொல்ல ஆள் இருக்காது. நான் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் செய்யதம்மா குடை கொடுக்க வரும்வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை. அவள் குரல், அது அத்தையின் தொண்டையில் இருக்கிறது, அதை இன்றைக்கு வண்டியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அது, கண்ணு சாப்பிட்டியா, டிவி சத்தத்தக் குறை என்று வேறு யாருக்கோ பேசிக்கொண்டிருக்கும்.

கடையநல்லூர் என்று போன் வந்தபோது நான் எடுக்கவில்லை, அடித்து ஓய்ந்தது. கொக்கி விழுந்துவிட்டது, அடுத்த அறையில் சத்தம் இல்லை. அத்தை பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது, இல்லை கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார், அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் செய்யதம்மா வீட்டு முருங்கையும் அதற்குப் பின்னால் மலையும் தெரியும், இன்றைக்கு மலை தெரியாது. எல்லாவற்றையும் யோசித்து இனி யோசிக்க ஒன்றும் இல்லை என்று ஆனபோது எனக்குத் தெரிந்த ஒரே வழியில் வாயைத் திறந்தேன். "ஆவுடை" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஆவுடை, அத்தைய இங்கேயே இருக்கச் சொல்லு." சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவள் திரும்புகிற நேரம் ஆனது. அந்த அறை வாசலுக்கு நடந்து போகிற நேரம் ஆனது. சொல்லி முடிக்கிற நேரமும் ஆனது. பதில் இல்லை. வெளியே ஒரு வண்டி போயிற்று, அவன் இல்லை, வேறு வண்டி. ஈரக்காற்று கொடியில் வேட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இன்னொரு தடவை சொல்லலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லையோ, கேட்டிருக்கும், கேட்டும் பதில் இல்லை என்றால் அதுதான் பதில், எழுந்து வாசல் கேட்டைத் திறந்து வைக்க வேண்டியதுதான், மகன் வரும்போது கேட் பூட்டியிருந்தால் நன்றாக இருக்காது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அப்போது அறைக்குள் இருந்து குரல் வந்தது.

"அவகிட்ட எதுக்குக் கேக்கீக. அவ என்னத்தச் சொல்லுவா. நீங்க கேளுங்க."

நீங்க என்றார். அவுக இல்லை, நீங்க. இத்தனை வருஷம் மூன்றாவது ஆள் மாதிரியே அவர் பேச்சில் இருந்துவிட்டு, திடீரென்று தோளைத் தொட்டுத் திருப்பியது போல இருந்தது. அவர் அறை வாசலுக்கு வந்துவிட்டார். சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்து மூடியிருந்தார், ஆனால் ஒதுங்கவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை நான் நேராகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆவுடையின் முகம் இல்லை. குரல் ஒன்றாக இருந்ததால் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று எப்படியோ நினைத்து வைத்திருந்தேன். வேறு மூக்கு, வேறு கண், நிறைய அழுது ஓய்ந்த ஒரு வயதான மனுஷி. அந்தக் கண் என்னை விடவில்லை. ஒரு வாரமாக அவரும் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இருக்கிறேன் என்று அவரால் சொல்ல முடியாது, மகள் இல்லாத வீட்டில் மருமகன் கேட்காமல் எந்த மாமியார் இருப்பார், அது எனக்குத் தெரியாமலா போனது. நான் மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவர் அதைப் போகச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். ஆவுடை என்று இன்னொரு தடவை கூப்பிட வாய் போனது, உதடு அந்த எழுத்துக்குத் திறந்தேவிட்டது. அவர் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்பது போல.

"இருங்க அத்தை" என்றேன்.

"இருக்கேன்" என்றார்.

உடனே சொல்லிவிட்டார். நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், நெஞ்சில் என்னவோ காலியாகிக் காற்று உள்ளே போய்வருவது தெரிந்தது, சத்தம் வராமல் இருக்க வேட்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டேன். அத்தை உள்ளே போகவில்லை. வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார், அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "அழுதுக்கிடுங்க" என்றார். அவரும் அழுதார். "எத்தன நாளைக்குத்தான் அவளையே இங்கயும் அங்கயும் அலைய விடுறது. உசுரோட இருக்கையிலயும் அவளுக்கு இதே வேலதான். பாவம், கால் வலிக்கும்." நான் ஆமாம் என்றேன். நேராகப் பேசிப் பழக்கமில்லாத இரண்டு பேர், ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. "எந்திரிச்சுக் கதவத் தொறங்க, பிள்ள நனைவான்" என்றார்.

சிவசைலம் தலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான், அறைக்குள் போய்ப் பெட்டியைத் தூக்கினான், "என்னம்மா கல்லு மாதிரி கனக்கு, அம்மியையும் சேத்து வச்சிருக்கியா" என்று சிரித்தான். ஹாலில் அவன் அம்மா எனக்கு எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிப்பு நின்றது.

"பெட்டிய உள்ள வையிப்பா. நான் வரல."

"என்னம்மா இது. அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கேன். யாரு இருக்கச் சொன்னா?"

"உங்க அத்தான்தான் சொன்னாக" என்றார் அத்தை. "இந்த வீட்டுல வேற யாரு இருக்கா."

சிவசைலம் பெட்டியைப் பிடித்தபடியே ஹாலைச் சுற்றிப் பார்த்தான். நானும் பார்த்தேன்.